720720: ஓர் எண்ணை அக்கு வேறு ஆணி வேறாகப் பிரிப்பது எப்படி

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்து டியூஷன் வகுப்புகளில் முதன்மைக் காரணி (1ஆலும் தன்னாலும் மட்டும் வகுபடுகிற முதன்மை எண்ணாக இருக்கிற காரணி) என்று பாடம் தொடங்கினால், 36, 48, 60 என்று நாலைந்து கணக்கைச் செய்துவிட்டு, ஓ.எல். பரீட்சைக்கு இது போதும் என்று அடுத்த பாடத்துக்குப் போய்விடுகிறார்கள். அந்தச் சின்ன எண்களில் விஷயத்தின் ருசி தெரியாது. ஒரு பெரிய எண்ணை எடுத்து, அதையே கொஞ்ச நேரம் விடாமல் குடைந்தால்தான் முதன்மைக் காரணிகளுக்கு எவ்வளவு வலு இருக்கிறது என்று புரியும். அதற்கு நான் எல்லாப் பிள்ளைகளுக்கும் சொல்கிற எண் 720720. ஏழு இலட்சத்து இருபதாயிரத்து எழுநூற்று இருபது. பத்து இலட்சத்துக்குள் இதைவிட அதிகமான காரணிகள் உள்ள எண் ஒன்றுகூடக் கிடையாது, அவ்வளவு செழிப்பான எண், ஆனால் எட்டாம் ஒன்பதாம் ஆண்டுக் கணிதமே இதைத் திறக்கப் போதும், கடைசிப் பகுதிக்கு மட்டும் மடக்கை தெரிந்திருந்தால் நல்லது.

ஒரு சதுரக்கோட்டுக் கொப்பியும் பேனையும் எடுங்கள். ஃபோனைத் தள்ளி வையுங்கள், விடையைச் சரிபார்க்க மட்டும் எடுத்தால் போதும். வாசித்துக்கொண்டு போகாமல் ஒவ்வொரு வரியையும் செய்துகொண்டே வாருங்கள்.

முதலில் எண்ணின் முகத்தைப் பாருங்கள்

பெரிய எண் என்றதும் 2ஆல் பிரி, 2ஆல் பிரி, மறுகா 3ஆல் பிரி என்று ஏணிப்படி போடத் தொடங்கிவிடுவோம். அதுவும் சரியான வழிதான், ஆனால் இந்த எண்ணை ஒரு தடவை உற்றுப் பாருங்கள்: 720, திரும்பவும் 720. அதாவது 720000உம் 720உம் சேர்ந்தது, அதாவது 720 × 1001. பாதி வேலை இங்கேயே முடிந்தது, ஏனென்றால் 1001 = 7 × 11 × 13. இந்த ஒரு பெருக்கத்தை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள், வாழ்நாள் முழுக்கக் கைகொடுக்கும். எந்த மூன்று இலக்க எண்ணையும் இரண்டு தடவை சேர்த்து எழுதினால் வருகிற எண் 7ஆலும் 11ஆலும் 13ஆலும் மீதியின்றி வகுபடும், 358358ஆக இருந்தாலும் சரி, 901901ஆக இருந்தாலும் சரி.

இதிலிருந்தே இன்னொரு சோதனையும் கிடைக்கிறது. ஒரு நீண்ட எண்ணை வலப்பக்கத்திலிருந்து மூன்று மூன்று இலக்கமாகப் பிரித்து, கடைசிக் கூட்டத்தில் தொடங்கி, கழித்துக் கூட்டி, கழித்துக் கூட்டி வாருங்கள். 4719806 என்றால் 806 − 719 + 4 = 91. வந்த 91 என்பது 7 × 13, ஆகவே 4719806 ஏழாலும் பதின்மூன்றாலும் வகுபடும், பதினொன்றால் வகுபடாது. 246813567 என்றால் 567 − 813 + 246 = 0, ஆகவே மூன்றாலுமே வகுபடும். ஏழுக்கு என்று புத்தகத்தில் தருகிற தலைசுற்றும் விதிகளைவிட இது எவ்வளவோ மேல்.

சரி, 720க்கு வருவோம். 1 × 2 × 3 × 4 × 5 × 6 = 720 என்பது பலருக்குத் தெரியும், அதை உடைத்தால் 2⁴ × 3² × 5. எல்லாவற்றையும் சேர்த்து எழுதுங்கள்:

720720 = 2⁴ × 3² × 5 × 7 × 11 × 13

கொப்பியின் மேல் ஓரத்தில் இதைப் பெட்டி போட்டு வையுங்கள். இனிமேல் 720720 என்ற ஆறு இலக்கங்கள் நமக்கு அவ்வளவாகத் தேவையில்லை, இந்த வரிதான் தேவை. கீழே வருகிற எல்லாம் இந்த வரியிலிருந்தே வருகின்றன.

1 முதல் 16 வரை எல்லாவற்றாலும் வகுபடும்

பெட்டிக்குள் பாருங்கள். 16 என்பது 2⁴, இருக்கிறது. 9 இருக்கிறது. 12க்கு இரண்டு 2உம் ஒரு 3உம் போதும். 14க்கு 2உம் 7உம், 15க்கு 3உம் 5உம். இப்படி 1 முதல் 16 வரை ஒவ்வோர் எண்ணும் உள்ளே அடங்கிவிடுகிறது. அடங்குவது மட்டுமல்ல, அவை எல்லாவற்றுக்கும் பொது மடங்குகளுட் சிறியதே 720720தான். பதினாறு எண்களையும் வரிசையாக எழுதி ஏணி போட்டு பொ.ம.சி. காணத் தேவையில்லை, ஒவ்வொரு முதன்மை எண்ணுக்கும் 16ஐத் தாண்டாத மிகப் பெரிய வலுவை எடுங்கள்: 2க்கு 16, 3க்கு 9, 5, 7, 11, 13. பெருக்குங்கள். முடிந்தது.

இதன் அருமையை ஒரு கற்பனையில் பாருங்கள். மட்டக்களப்பு பஸ் நிலையத்திலிருந்து பதினாறு வழிகளில் பஸ் ஓடுகிறது என்று வையுங்கள், ஏறாவூர், காத்தான்குடி, களுவாஞ்சிகுடி, கல்முனை, அக்கரைப்பற்று என்று எப்படியும் பெயர் வைத்துக்கொள்ளலாம். முதல் வழியில் நிமிடத்துக்கு ஒரு பஸ், இரண்டாவதில் 2 நிமிடத்துக்கு ஒன்று, இப்படியே பதினாறாவதில் 16 நிமிடத்துக்கு ஒன்று, இரவு பகல் ஓய்வில்லாமல். 2025 ஜனவரி 1 நண்பகல் 12 மணிக்குப் பதினாறும் ஒன்றாகப் புறப்பட்டால், அடுத்ததாகப் பதினாறும் ஒன்றாகப் புறப்படுவது எப்போது? 720720 நிமிடம் கழித்து. அது 12012 மணித்தியாலம், அதாவது 500 நாளும் 12 மணித்தியாலமும். நாட்காட்டியில் எண்ணிப் பார்த்தால் 2026 மே 16 முடிந்து 17 பிறக்கிற நள்ளிரவு.

இப்போது சுவையான கேள்வி: இதில் ஒரே ஒரு வழியை நிறுத்தினால் காத்திருப்பு குறையுமா? 12 நிமிட வழியை நிறுத்துங்கள், ஒன்றும் மாறாது. 10ஐ, 15ஐ, 8ஐ நிறுத்தினாலும் மாறாது. 7 முதன்மை எண்தானே, அதை நிறுத்தினால்? அப்பவும் மாறாது, 14 நிமிட பஸ் அந்த ஏழைத் தன்னோடு வைத்திருக்கிறது. 5உம் அப்படித்தான், 10இலும் 15இலும் இருக்கிறது. நிறுத்தினால் மாற்றம் வருகிற வழிகள் நான்கே நான்குதான்: 9, 11, 13, 16. பதினாறை நிறுத்தினால் காத்திருப்பு சரிபாதி, 250 நாளும் 6 மணித்தியாலமும். ஒன்பதை நிறுத்தினால் மூன்றில் ஒன்றாகக் குறையும். பதின்மூன்றை நிறுத்தினால் 55440 நிமிடம்தான், அதாவது முப்பத்தெட்டரை நாள்! 500 நாளை 38 நாளாக்கியது ஒற்றை பஸ். பொ.ம.சி. என்றால் என்ன என்று பிள்ளைகளுக்குப் புரிய வைக்க இதைவிட நல்ல கணக்கை நான் கண்டதில்லை. வகுப்பில் பதினாறு பேரை நிறுத்தி, கைதட்ட வைத்துச் செய்து பார்க்கலாம், ஆனால் 6 பேரோடு நிறுத்துங்கள், 60 தட்டில் முடிந்துவிடும்.

240 காரணிகளையும் எப்படி எழுதுவது

எத்தனை காரணிகள் என்பதற்கு ஒவ்வொரு சுட்டியோடும் ஒன்றைக் கூட்டிப் பெருக்க வேண்டும். சுட்டிகள் 4, 2, 1, 1, 1, 1. ஆகவே 5 × 3 × 2 × 2 × 2 × 2 = 240. இந்த விதியை மனப்பாடம் செய்தவர்கள் நிறையப் பேர், ஏன் ஒன்றைக் கூட்டுகிறோம் என்று கேட்டால் முழிப்பவர்களும் அவர்கள்தான். அதனால் கையால் எழுதிப் பாருங்கள். கொப்பியில் முதல் வரியில் 2இன் வலுக்கள்:

1, 2, 4, 8, 16

இவை ஐந்து, ஏனென்றால் 2 ஒன்றும் இல்லாத நிலையும் ஒரு தெரிவு. அந்த 1தான் நாம் கூட்டுகிற ஒன்று. இரண்டாவது வரியில் இவற்றை 3ஆல் பெருக்குங்கள், மூன்றாவதில் 9ஆல்:

3, 6, 12, 24, 48

9, 18, 36, 72, 144

பதினைந்து பெட்டி நிறைந்தது. இந்தப் பதினைந்தையும் 5ஆல் பெருக்கிப் பக்கத்தில் எழுதுங்கள், 30 ஆகும். அந்த முப்பதையும் 7ஆல் பெருக்கினால் 60, மறுகா 11ஆல் பெருக்கினால் 120, கடைசியாக 13ஆல் பெருக்கினால் 240. ஒவ்வொரு புது முதன்மை எண்ணும் உள்ளே வரும்போது பட்டியல் இரட்டிப்பாகிறது. ஒரு ரெட்டைப் பக்கத்தில் முழுதும் அடங்கிவிடும். 240ஐயும் எழுதி முடித்த பிள்ளைக்கு இந்தப் பாடத்தை மறுபடி யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

அதே அட்டவணையே காரணிகளின் கூட்டுத்தொகையையும் தரும். முதல் வரியின் கூட்டுத்தொகை 31. இரண்டாவது வரி அதன் மூன்று மடங்கு, மூன்றாவது ஒன்பது மடங்கு, ஆக மொத்தம் 31 × 13 = 403. ஐந்தால் பெருக்கிய பகுதியையும் சேர்த்தால் அது 6 மடங்காகும், பிறகு 8 மடங்கு, 12 மடங்கு, 14 மடங்கு. 403 × 6 × 8 × 12 × 14 = 3249792. ஒன்றும் 720720உம் உட்பட எல்லாக் காரணிகளின் கூட்டுத்தொகை இது. எண்ணைப்போல நாலரை மடங்குக்குச் சற்று மேல். இந்த நாலரையை மறக்காதீர்கள், கடைசியில் தேவைப்படும்.

இதே அட்டவணையில் இன்னும் சில விடைகள் சும்மா கிடக்கின்றன. ஒற்றை எண் காரணிகள் எத்தனை? 2ஐத் தொடாதவை மட்டும், 3 × 2 × 2 × 2 × 2 = 48. மீதி 192உம் இரட்டை. காரணிகளைச் சோடி சேர்த்தால் 120 சோடி, ஒவ்வொரு சோடியின் பெருக்கமும் 720720. ஆகவே எல்லாக் காரணிகளையும் ஒன்றாகப் பெருக்கினால் 720720இன் 120ஆம் வலு வரும், அந்த இராட்சத எண்ணின் கடைசியில் சரியாக 120 பூச்சியம் இருக்கும்.

ஒன்றுக்கொன்று மிக நெருங்கிய சோடி

120 சோடிகளில் எது மிக நெருக்கம்? இதற்குப் பட்டியல் முழுவதையும் தேட வேண்டாம். 849² = 720801. நம் எண்ணைவிட 81 அதிகம். 81 என்பது 9². ஆகவே 720720 = 849² − 9² = (849 − 9)(849 + 9) = 840 × 858. பதினேழாம் நூற்றாண்டில் பிரான்ஸின் ஃபெர்மா காரணி காணப் பயன்படுத்திய வழி இதுதான்: எண்ணுக்குச் சற்று மேலே உள்ள வர்க்கத்தை எடு, வித்தியாசமும் வர்க்கமாக இருக்கிறதா பார், இல்லாவிட்டால் அடுத்த வர்க்கத்துக்குப் போ. இங்கே முதல் முயற்சியிலேயே அகப்பட்டுவிட்டது, முதல் முயற்சியிலேயே அகப்பட்டதால் இதைவிட நெருக்கமான சோடி இருக்க வழியில்லை (ஒன்று ஒற்றை, மற்றது இரட்டையாக இருக்கிற சோடிகள் இந்த வழியில் வராது, ஆனால் அவற்றில் இரட்டை எண் 16இன் மடங்காக இருக்க வேண்டும், 840க்கும் 858க்கும் இடையில் உள்ள ஒரே 16இன் மடங்கு 848, அது 16 × 53, காரணி அல்ல).

எங்கட தபால் குறியீட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள்

மட்டக்களப்பின் தபால் குறியீடு 30000, அம்பாறையினது 32000. இரண்டையும் உடைப்போம். 30000 = 2⁴ × 3 × 5⁴, காரணிகள் 5 × 2 × 5 = 50. 32000 = 2⁸ × 5³, காரணிகள் 9 × 4 = 36. எண் பெரியது, காரணி குறைவு. இவை இரண்டையும்விடச் சின்னதான 27720ஐ எடுங்கள்: 2³ × 3² × 5 × 7 × 11, காரணிகள் 96. அப்ப எண்ணின் பருமன் இங்கே பெரிய விஷயமில்லை. ஒரே முதன்மை எண்ணைத் திரும்பத் திரும்ப அடுக்குவதைவிட வெவ்வேறு முதன்மை எண்களைச் சேர்ப்பதில்தான் பலன், ஆனால் அதற்கும் ஓர் அளவு இருக்கிறது, 17, 19 என்று போனால் எண் வேகமாகப் பெருத்துவிடும். சின்ன முதன்மை எண்களுக்குப் பெரிய சுட்டி, பெரியவற்றுக்குச் சின்னச் சுட்டி. 4, 2, 1, 1, 1, 1 என்று இறங்கி வருகிற வரிசை அதனால்தான்.

நீங்களே மாற்றிப் பாருங்கள். 13ஐ எடுத்துவிட்டால் 55440, அதற்கு 120 காரணிகள். அந்த இடத்தில் 13க்குப் பதிலாக 12ஆல் பெருக்கினால் 665280, 224 காரணிகள். 8ஆல் பெருக்கினால் 443520, 192 காரணிகள். 17ஆல் பெருக்கினால் 942480, அதற்கும் 240தான், ஆனால் எண் வீணாகப் பெரிதாகிவிட்டது. பத்து இலட்சத்துக்குக் கீழே 240 காரணிகள் உள்ள எண்கள் ஐந்து: 720720, 831600, 942480, 982800, 997920. ஐந்தில் சின்னது நம் எண். 240ஐத் தாண்ட வேண்டுமென்றால் 1081080 வரை போக வேண்டும், அதற்கு 256.

தனக்குக் கீழே உள்ள எந்த எண்ணையும்விட அதிகக் காரணிகள் உள்ள இப்படியான எண்களை உயர் சேர்த்தி எண்கள் என்று சொல்லலாம். இவற்றை முறையாக ஆராய்ந்து 1915இல் நீண்ட கட்டுரை எழுதியவர் நம்ம இராமானுஜன், அப்போது கேம்பிரிட்ஜில் இருந்தார். 6746328388800 வரை கையால் பட்டியல் போட்டார். அந்த நீளமான பட்டியலில் விடுபட்டது ஒரே ஓர் எண்தான், 293318625600. கணினி இல்லாத காலத்தில் இதை ஒரு மனிதன் செய்தான் என்பதை நினைக்க நினைக்க எனக்கு உடம்பு சிலிர்க்கிறது. அவர் அந்த எண்களுக்குள்ளும் இன்னும் உயர்ந்த ஒரு சிறு கூட்டத்தைப் பிரித்துக் காட்டினார்: 2, 6, 12, 60, 120, 360, 2520, 5040, 55440, 720720. நம் எண் பத்தாவது. ஒவ்வொன்றிலிருந்தும் அடுத்ததுக்குப் போக ஒரே ஒரு முதன்மை எண்ணால் பெருக்கினால் போதும், 3, 2, 5, 2, 3, 7, 2, 11, 13. கொப்பியில் அம்புக்குறி போட்டு எழுதிப் பாருங்கள், அழகாக இருக்கும். இதில் வருகிற 5040ஐ இரண்டாயிரம் ஆண்டுக்கு முன்னமே பிளேட்டோ தன் இலட்சிய நகரத்தின் குடித்தலைவர் எண்ணிக்கையாகத் தேர்ந்தார், நிலத்தையும் வேலையையும் எப்படியும் பங்கு பிரிக்கலாம் என்பதற்காக. சூடடித்து முடிந்த நெல்லைப் பங்கு பிரிக்கிற எங்கட போடிமாருக்கு அந்தக் காரணம் சொல்லாமலே விளங்கும்.

அக்கம்பக்கம்

எண்ணை மட்டும் பார்த்தால் போதாது, பக்கத்தில் இருப்பவற்றையும் பாருங்கள். 720720 இரண்டால் வகுபடும், ஆகவே 720722உம் வகுபடும். மூன்றால் வகுபடும், ஆகவே 720723உம். இப்படியே 16 வரை: 720722 முதல் 720736 வரை ஒன்றுகூட முதன்மை எண் இல்லை. பின்பக்கமும் அதே கதை, 720704 முதல் 720718 வரை. மீதியிருப்பது இரண்டு பக்கத்திலும் ஒட்டியிருக்கிற 720719, 720721. இவை இரண்டும் 2, 3, 5, 7, 11, 13 எதாலும் வகுபடாது, மீதி எப்போதும் 1 அல்லது ஒன்று குறைவு. அப்ப இவை முதன்மை எண்கள் என்று பலர் உடனே எழுதிவிடுவார்கள். அவசரப்படாதீர்கள். 13 வரை சோதித்தது போதாது, வர்க்கமூலம் வரை, அதாவது 848 வரை உள்ள முதன்மை எண்களால் சோதிக்க வேண்டும். 17, 19, 23, 29 என்று போனால் 31இல் அகப்படும்: 720719 = 31 × 67 × 347. மற்றது இன்னும் கொஞ்சம் இழுத்தடிக்கும், 71 வரை: 720721 = 71 × 10151. ஆகவே 720704 முதல் 720736 வரை தொடர்ந்து 33 எண்கள், அத்தனையும் சேர்த்தி எண்கள், அதாவது முதன்மை அல்லாதவை. அதற்கு அடுத்த 720737உம் தப்பவில்லை, அது 29 × 24853. இந்தப் பாலைவனம் எங்கே முடிகிறது என்று இரண்டு பக்கமும் தேடிப் பாருங்கள், நல்ல ஒரு விடுமுறை நாள் வேலை.

அதே போல, 720720வரை உள்ள எண்களில் எத்தனை எண்கள் அதோடு 1ஐத் தவிர வேறு பொதுக் காரணி இல்லாதவை? கழித்துக் கழித்து வாருங்கள். இரட்டை எண்களை நீக்கினால் 360360. அதில் மூன்றின் மடங்குகளை நீக்கினால் 240240. ஐந்தில் ஒன்று போனால் 192192. ஏழில் ஒன்று போனால் 164736, பதினொன்றில் ஒன்று போனால் 149760, பதின்மூன்றில் ஒன்று போனால் 138240. நூற்றுக்கு 19 அளவில்தான் மிஞ்சுகிறது. மிஞ்சியவற்றில் 1ஐ விட்டால் முதலாவது 17, பிறகு 19, 23, 29. 289 வருமட்டும் வருகிற எல்லாமே முதன்மை எண்கள்தான், 289 என்பது 17 × 17.

வேறு எண்களின் கூட்டலாக எழுதுவது

அடுத்தடுத்து வருகிற எண்களைக் கூட்டி 720720 வர வேண்டும் என்றால்: மூன்று எண் வேண்டுமா, மூன்றால் வகுத்து நடுவில் வையுங்கள், 240239 + 240240 + 240241. ஐந்து வேண்டுமா, நடுவில் 144144. இரட்டை எண்ணிக்கையில் வேண்டுமென்றால் 32 எண்கள்: 22507 முதல் 22538 வரை. தனி எண்ணாக நிற்பதையும் சேர்த்தால் மொத்தம் 48 வழி, முன்பு எண்ணிய ஒற்றைக் காரணிகள் அதே 48தான்.

இரண்டு வர்க்கங்களின் கூட்டலாக எழுத முடியுமா? முடியாது. 4ஆல் வகுத்தால் மீதி 3 வருகிற முதன்மை எண்கள் ஒற்றைச் சுட்டியோடு இருந்தால் முடியாது என்பது விதி, இங்கே 7உம் 11உம் அப்படி நிற்கின்றன. மூன்று வர்க்கங்கள் என்றால் முடியும்: 848² + 40² + 4². பெருக்கிப் பாருங்கள், 719104 + 1600 + 16.

கணினி எண்ணுகிற, 0உம் 1உம் மட்டும் உள்ள துவித எண்ணாக மாற்றினால் 10101111111101010000. கடைசி நாலு பூச்சியம் 2⁴இன் அடையாளம். அவற்றை மறைத்துவிட்டுப் பாருங்கள்: 1010111111110101. முன்னாலிருந்து வாசித்தாலும் பின்னாலிருந்து வாசித்தாலும் ஒன்று. இதற்குப் பின்னால் ஆழமான காரணம் எதுவும் எனக்குத் தெரிந்து இல்லை, ஆனாலும் ஒவ்வொரு தடவையும் பார்க்கச் சந்தோஷமாக இருக்கிறது.

நாலரை மடங்கும் தீராத ஒரு கேள்வியும்

இது உயர்தரக் கணிதப் பிள்ளைகளுக்கு. காரணிகளின் கூட்டுத்தொகையை எண்ணால் வகுத்தால் 3249792 ÷ 720720 = 248/55, அதாவது 4.509. 720720க்குக் கீழே உள்ள எந்த எண்ணுக்கும் இந்த விகிதம் இவ்வளவு வராது. இப்போது ஓர் எல்லையைக் கணியுங்கள்: எண்ணின் இயற்கை மடக்கையை எடுங்கள், வந்ததற்கு மறுபடி இயற்கை மடக்கை எடுங்கள், அதை 1.78107ஆல் பெருக்குங்கள். 720720க்கு முதல் மடக்கை 13.488, இரண்டாவது 2.6018, பெருக்கினால் 4.634. நம் 4.509 அதற்குள் நிற்கிறது. 5040க்கு இதையே செய்தால் விகிதம் 3.838, எல்லை 3.817, மீறிவிடுகிறது.

1984இல் பிரெஞ்சுக் கணிதவியலாளர் கி ரொபின் நிறுவியது இது: 5040ஐ விடப் பெரிய எந்த எண்ணும் இந்த எல்லையை மீறாது என்று காட்டினால், முதன்மை எண்கள் எப்படிப் பரவிக் கிடக்கின்றன என்பதோடு தொடர்புள்ள, ரீமான் 1859இல் முன்வைத்த கருதுகோள் உண்மை என்று ஆகிவிடும், ஒரே ஓர் எண் மீறினாலும் அது பொய் என்று ஆகிவிடும். பத்து இலட்சம் டொலர் பரிசு அறிவித்தும் இன்னும் யாரும் தீர்க்காத கேள்வி. மீறுகிற எண்கள் இருந்தால் அவற்றில் மிகச் சின்னது 720720இன் சாதியைச் சேர்ந்த எண்களுக்குள்தான் அகப்படும், காரணிகளை அளவுக்கு மீறிச் சேர்த்து வைத்திருக்கிற எண்களுக்குள். டியூஷன் கொப்பியில் எழுதிய அதே 31, 13, 6, 8, 12, 14தான் அங்கேயும் வேலை செய்கின்றன.

செய்து பாருங்கள்

இராமானுஜனின் அந்தச் சிறு கூட்டத்தில் அடுத்த எண் 1441440. நம் எண்ணின் இரண்டு மடங்கு. பெட்டிக்குள் 2⁴ என்பதை 2⁵ ஆக்கி, மேலே செய்த எல்லாவற்றையும் திரும்பச் செய்யுங்கள். காரணிகள் 288, அவற்றின் கூட்டுத்தொகை 6604416, பொதுக் காரணி இல்லாதவை 276480 என்று வர வேண்டும். பஸ் கணக்கை 1 முதல் 17 வரைக்கும் நீட்டிப் பாருங்கள், நாட்கள் எத்தனை வருகிறது, எந்தெந்த வழிகளை நிறுத்தினால் அது மாறுகிறது என்று எழுதுங்கள்.